ஆறுக்கு ஆறு

திருப்பூர் போகிற வண்டிதானே அம்மிணி இது? கண்டக்டர் ஆமாம் என்றுதான் சொன்னார். இருந்தாலும் பக்கத்தில் இருக்கிறவர்களிடம் இன்னொரு தரம் கேட்டால்தான் எனக்குப் படபடப்பு அடங்கும். கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள். இந்தத் தூக்குப்போசியை மடியில் வைக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் பயமாக இருக்கிறது. கோழிக் குழம்பு. என் பையனுக்கு. வாங்கிக்கொள்வானா, போன புதன்கிழமை மாதிரி வாட்ச்மேன் கையிலேயே கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவானா, அது அந்த மாகாளியம்மனுக்குத்தான் வெளிச்சம்.

நீங்கள் கண்ணாடி போட்டிருக்கிறீர்களே, சின்ன வயதிலிருந்தேவா? கோபித்துக்கொள்ளாதீர்கள். கண்ணாடி போட்டவர்களைப் பார்த்தால் கேட்டுவிடுகிறேன். என் பையனுக்குக் கண்ணாடியே வேண்டியதில்லை. ஆறுக்கு ஆறு. டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதம் பீரோவில் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் தொங்குகிற அட்டையில் கடைசி வரி, எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து, அதைக் கடகடவென்று வாசித்தான். அப்படிப்பட்ட கண்ணை வைத்துக்கொண்டு இன்றைக்குப் பனியன் கம்பெனியில் அட்டைப்பெட்டி அடுக்குகிறான். எல்லாரும் சேர்ந்து என்னை நம்பவைத்துக் கழுத்தை அறுத்துவிட்டார்கள், அம்மிணி. கோச்சிங் மாஸ்டர், பெங்களூர் டாக்டர், என் நாத்தனார், கடைசியில் நான் பெற்றதும்.

சொல்கிறேன். பல்லடம் வரை வண்டி இப்படித்தான் நகரும், உங்களுக்கும் நேரம் போகும்.

நாங்கள் சூலூர்ப் பக்கம். நாலு தறி ஓட்டுகிற குடும்பம். விமானப்படைத் தளம் எங்களுக்குக் கூப்பிடு தூரம். சண்டை விமானம் எழும்பினால் தறிக் கொட்டகையின் தகரம் அதிரும். தறிச் சத்தத்தை மீறிக் கேட்கிற சத்தம் அது ஒன்றுதான். தரணீஷ், அதுதான் என் பையன், நடக்கப் பழகின நாளிலிருந்தே அந்தச் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுவான். நாலு வயதில், சத்தத்தை வைத்தே இது இன்ன விமானம் என்பான். வளர்ந்ததும் நான்தான் அதை ஓட்டுவேன் என்றான். அன்றிலிருந்து நான் அவன் கண்ணைக் காப்பாற்ற ஆரம்பித்தேன்.

சும்மா சொல்லவில்லை. எங்கள் வீட்டில் டிவி கிடையாது. என் போனைத் தொடவிடமாட்டேன். வாரத்தில் மூன்று நாள் பொன்னாங்கண்ணி. சனிக்கிழமை தவறாமல் உச்சியில் விளக்கெண்ணெய், அவன் அழுதாலும். தீபாவளிக்கு மத்தாப்பைக்கூடப் பக்கத்தில் போய்ப் பார்க்கவிட்டதில்லை. சண்டை விமானம் ஓட்டுகிறவனுக்குக் கண்தான் முதல், கண்ணில் துளி குறை இருந்தாலும் ஏற்றமாட்டார்கள் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். பார்வை என்றால் தூரம் தெரிவதுதானே அம்மிணி? வேறு என்ன இருக்கிறது?

நிறம் என்று ஒருத்தரும் என்னிடம் சொல்லவில்லை.

அவனுக்கு ஒன்பது வயதில் ஒன்று நடந்தது. முழுப்பரீட்சை லீவு. வீட்டுக்காரர் அவனைத் தார் எடுத்துக் கொடுக்க நிறுத்தியிருந்தார். தார் என்றால் நூல் சுற்றின குச்சி, தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் போடுவது. ஒரு கூடையில் பச்சை, இன்னொன்றில் அரக்கு. சேலை உடம்பு பச்சை, முந்தி அரக்கு. அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் இவன் தானே எடுத்துப் போட்டிருக்கிறான். வந்து பார்த்தால் சேலை வரிவரியாக, கல்யாண மண்டபத்து ஜமக்காளம் மாதிரி ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தத் தார்க்குச்சியாலேயே அடித்தார். பையன் ஒரே வார்த்தையைத்தான் சொன்னான். பாத்துத்தான் எடுத்தேன், பாத்துத்தான் எடுத்தேன் என்று.

எனக்குப் பயம் வந்துவிட்டது. அடிக்காக இல்லை. அந்த வார்த்தைக்காக. அதே வார்த்தையை என் அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

நான் பிறந்தது கிணத்துக்கடவுப் பக்கம். அப்பா தக்காளி போட்டிருந்தார். அவருக்குப் பழம் எது, காய் எது என்று கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துத்தான் பறிப்பார். ஊரே அவரை அமுக்கி என்றுதான் கூப்பிடும். மண்டியில் கூடையைக் கொட்டினால் பாதி காயாக இருக்கும், மண்டிக்காரன் சிரிப்பான், அப்பா பாத்துத்தான் பறிச்சேன் என்பார். அம்மா நடமாடினவரை அவள் கூடப் போய்ப் பறித்தாள். அவள் படுத்ததும் என்னை அஞ்சாவதோடு நிறுத்திவிட்டார்கள். நான் முன்னால் நடந்து இது, இது, அது வேண்டாம் என்று கை காட்டுவேன். அப்பா பின்னால் வந்து பறிப்பார். கணக்கில் நான்தான் எங்கள் கிளாஸில் முதல். அது கிடக்கட்டும்.

அதனால் என் பிள்ளைக்கு அப்படியெல்லாம் எதுவும் இல்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

அவனுக்குக் கவனம் பத்தாது, அவ்வளவுதான். அவனிடமும் அதைத்தான் சொன்னேன். கண்ணு, உன்ற கண்ணு தங்கமான கண்ணு, கவனந்தான் பத்தல என்றேன். மறுநாள் அரக்குக் கூடையின் காதில் துணியால் ஒரு முடிச்சுப் போட்டேன். பச்சைக் கூடைக்கு இரண்டு. அப்பாவிடம் சொல்லாதே, சொன்னால் மறுபடி அடி விழும் என்றேன். பள்ளிக்கூடத்துக் கலர் பென்சிலுக்கும் வழி செய்தேன். பேர் எழுதி ஒட்டினால் மற்ற பிள்ளைகள் பார்க்கும். அதனால் பல்லால் கடித்து அடையாளம் வைத்தேன். சிவப்புக்கு ஒரு கடி, பச்சைக்கு இரண்டு, பழுப்புக்கு மூன்று. டீச்சர் என்னைக் கூப்பிட்டு, உங்கள் பையன் பென்சிலைக் கடித்துத் தின்கிறான், வயிற்றில் பூச்சி இருக்கும், மருந்து கொடுங்கள் என்றாள். கொடுத்தேன். வேறு என்ன செய்ய?

அதற்குப் பிறகு எட்டு வருடம், அம்மிணி. லீவு விட்டால் தறிக் கொட்டகைதான். ஒரு சேலையில் ஒரு இழை மாறவில்லை. என்ற பையன் நெறம் பாத்தா பாத்ததுதான் என்று வீட்டுக்காரர் மற்ற தறிக்காரர்களிடம் பெருமையடிப்பார். இதில் நான் செய்த தப்பு என்ன, சொல்லுங்கள்.

பன்னிரண்டாவது படிக்கும்போதே விமானப்படைப் பரீட்சைக்கென்று கோயமுத்தூரில் கோச்சிங்கில் சேர்த்தோம். மாஸ்டர் ரிட்டையர்டு மிலிட்டரிக்காரர், மீசையும் அவரும். ஒரு நாள் பெற்றவர்களையெல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்து, பரீட்சைக்கு முன்னாலேயே பிள்ளைகளுக்குக் கண் பார்த்துவிடுங்கள், தூரமும் பாருங்கள், நிறமும் பாருங்கள் என்று சொன்னார். கூட்டத்தோடு கூட்டமாகச் சொன்னால் ஆயிற்றா? தனியாகக் கூப்பிட்டு அழுத்திச் சொல்ல வேண்டாமா? சரி என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அட்டையைக் கடைசி வரி வரை படித்தான். ஆறுக்கு ஆறு என்று எழுதிக் கொடுத்தார்கள். அப்புறம் அந்த டாக்டரம்மா மேஜையிலிருந்து ஒரு புள்ளிப் புத்தகத்தை எடுத்தாள். பக்கம் முழுக்கப் புள்ளி, நடுவில் ஏதோ நம்பர். நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பையனை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அன்றைக்கு நிஜமாகவே பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

பரீட்சையில் தேறினான். அஞ்சு நாள் இன்டர்வியூ வைத்தார்கள், கூடப் போன நூற்றுச் சொச்சம் பிள்ளைகளில் ஏழு பேரை எடுத்தார்கள், அதில் இவன் ஒருத்தன். வீட்டுக்காரர் தெருவுக்கே லட்டு கொடுத்தார். மிச்சம் இருந்தது உடம்புப் பரிசோதனை மட்டும். பெங்களூர். அதை ஒரு பொருட்டாகவே நாங்கள் நினைக்கவில்லை. அவன் உடம்பில் ஒரு தழும்பு கிடையாது.

அங்கேயும் அந்தப் புள்ளிப் புத்தகம்தான். முதல் பக்கம் தெரிந்திருக்கிறது, அது எல்லாருக்கும் தெரியுமாம். இரண்டாவதிலிருந்து ஒன்றும் இல்லை. இவன் பக்கத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். சார், இன்னொரு தடவை, இந்தத் தடவை கவனமாப் பாக்கறேன் சார் என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். கண்ணில் தண்ணீர் கொட்டினபிறகு டாக்டர் புத்தகத்தை மூடிவிட்டாராம். தம்பி, இது கவனத்தில் வருவதில்லை, பிறவியிலேயே வருவது, அம்மா வழியில் வருவது, உன் தாத்தாவுக்கு இருந்ததா என்று கேட்டாராம்.

வராந்தாவில் நின்றுகொண்டு எனக்குப் போன் செய்தான். அம்மா, அப்புச்சிக்கு நெறம் தெரியுமா என்று கேட்டான். என் அப்பாவை அவன் பார்த்ததே இல்லை. நான் அடுப்பில் பால் வைத்திருந்தேன். பால் பொங்குகிறது, இவன் இதைக் கேட்கிறான். அவரு காலமெல்லாம் தக்காளி பறிச்சவரு, நெறம் தெரியாமயா இருந்திருக்கும் என்றேன்.

நான் சொன்னது பொய்யா? தக்காளி பறித்தவர்தானே?

அந்த வார்த்தையை நம்பி அவன் மேல்பரிசோதனைக்கு எழுதிப்போட்டான். பிறவியில் இல்லை என்றால் பழகினால் வந்துவிடும் என்று நினைத்துவிட்டான், பாவம். நாற்பது நாள். எங்கிருந்தோ அந்தப் புள்ளிப் படங்களை வாங்கி வந்து விடியற்காலையில் எழுந்து பார்ப்பான். சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பான். நான் பாதாம் அரைத்துப் பாலில் கொடுத்தேன். கவனமாப் பாரு சாமி என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். மறுபடி போனான். மறுபடி இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். பறக்கிற வேலைக்கு எப்போதும் ஆகாது என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள்.

அதோடு விட்டதா? வீட்டுக்காரர் நம்பவில்லை. எப்படி நம்புவார்? எட்டு வருசம் எங்கிட்ட நெறம் பாத்துத் தார் எடுத்துக் குடுத்தவனுக்கு இப்ப நெறம் தெரியலையாமா என்று சிரித்தார். வேறெதிலோ தோற்றுவிட்டு வந்து கதை கட்டுகிறான் என்றார். டீக்கடையில் சொன்னார், தறிக்காரர்களிடம் சொன்னார், லட்டு வாங்கினவர்களிடம் ஒவ்வொருத்தராகப் போய்ச் சொன்னார். பொய்யன், வாயெடுத்தால் பொய் என்று. பையன் ஒரு மாதம் குனிந்த தலையோடு இருந்தான். அப்புறம் துணிமணியை எடுத்துக்கொண்டு திருப்பூருக்குப் போய்விட்டான்.

இப்போது இந்த வெளிநாட்டுப் படைகள் பயிற்சிக்கு வந்தன இல்லையா, நாலைந்து நாட்டு விமானங்கள் எங்கள் தளத்தில் வந்து இறங்கி, நம்முடையவர்களோடு சேர்ந்து பறந்தார்களே, பத்து நாள் காது கிழிந்தது. நீங்கள் பார்த்தீர்களா? கடைசி ஞாயிற்றுக்கிழமை எங்கள் மொட்டைமாடியில் நிற்க இடமில்லை. சொந்தம் எல்லாம் வந்திருந்தது. அவிநாசியிலிருந்து என் நாத்தனார் ருக்மணி, தன் கூட்டத்தோடு. நான் பையனுக்குப் போன் மேல் போன் செய்து கெஞ்சினேன். எனக்காக வரவில்லை, விமானத்துக்காக வந்தான். வந்ததும் அவனைச் சுற்றி எல்லாரும் நின்றுகொண்டார்கள். எது எந்த நாட்டுடையது, எதற்காக இரண்டிரண்டாகப் பறக்கிறது, உள்ளே இருக்கிறவன் திரும்பும்போது அவன் உடம்பு எத்தனை மடங்கு கனக்கும், எல்லாம் சொன்னான். எட்டு மாதத்துக்குப் பிறகு சிரித்தான். வீட்டுக்காரர்கூடத் தண்ணீர் சொம்பை அவன் பக்கம் நகர்த்திவைத்தார். எனக்கு வயிறு குளிர்ந்தது.

கடைசியாக ஒரு வரிசை விமானங்கள் வந்து மூன்று நிறத்தில் புகை விட்டன. கொடி மாதிரி. எல்லாரும் கை தட்டினார்கள். இவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். எனக்கு நடுவில் இருக்கிற வெள்ளை மட்டும்தான் வேறயாத் தெரியுது, ஓரத்து ரெண்டும் ஒண்ணுதான் என்றான். ஒளிக்காமல் சொல்லிவிட்டான், சிரித்துக்கொண்டே. வீட்டுக்காரர் முகம் கறுத்தது. நாடகத்த இன்னும் நிறுத்தலையா நீ என்றார்.

அப்போதுதான் ருக்மணி. அவளுக்கு நாக்கு அரித்தது. "இதென்ன, உங்க அப்புச்சி மாதிரியே இருக்குது? பொண்ணுப் பாக்கப் போனப்பவே சொன்னாங்க. தக்காளியக் கையில அமுக்கித்தான் பறிப்பாராமா, அமுக்கின்னே பேரு" என்றாள். இருபத்தைந்து வருடம் வயிற்றுக்குள் வைத்திருந்ததை அன்றைக்குத்தான் கக்க வேண்டுமா? எத்தனை தீபாவளிக்கு அவளுக்குச் சேலை எடுத்துக் கொடுத்திருப்பேன்.

பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. கணக்குப் போட்டு விடை வந்தவன் மாதிரிப் பார்த்தான். பக்கத்தில் வந்தான்.

"அம்மா, அப்பா என்னைப் பொய்யன்னு சொல்லிட்டிருக்காரு. நீ ஒரு வார்த்தை சொல்லு. தார்க்கூடையில முடிச்சு எதுக்குப் போட்டீன்னு சொல்லு. அது போதும். நான் வேற ஒண்ணும் கேக்கல."

மாடியில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள், அம்மிணி. விமானத்தை விட்டுவிட்டு என்னைப் பார்க்கிறார்கள். ருக்மணி பார்க்கிறாள். வீட்டுக்காரர் பார்க்கிறார்.

"எனக்கென்ன கண்ணு தெரியும்? நான் அஞ்சாவது படிச்சவ" என்றேன்.

அவன் "கவனம் இல்லாதவன், கவனம் இல்லாதவன்னு சொல்லியே வளத்தினியேம்மா. நானும் அப்படித்தான்னு நம்பீட்டு இருந்தேன்" என்றான். மேலே விமானம் போன சத்தத்தில் மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. படியிறங்கிப் போய்விட்டான். டீ போட்டு வைத்திருந்தேன், குடிக்கவில்லை. போய்ட்டு வரேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அத்தனை பேர் முன்னால் பெற்றவளை நிற்கவைத்துக் கேள்வி கேட்டுவிட்டுப் போகிறானே, இது துரோகம் இல்லையா? இந்தப் பிள்ளைக்காகத்தானே நான் பென்சில் பென்சிலாகக் கடித்தேன்?

வீட்டுக்காரரிடம் தனியாகவாவது சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? நீங்கள் சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். அவர் என்ன கேட்பார் தெரியுமா? கல்யாணத்தின்போதே மறைத்தீர்களா என்பார். எட்டு வருடம் என்னை முட்டாளாக்கினாயா என்பார். ஒரு சேலைக்காக அந்தச் சின்ன உடம்பை அடித்தது ஞாபகம் வரும் அவருக்கு, அதையும் என் தலையில்தான் இறக்குவார். பிள்ளைக்கு வருகிற கோபம் ஒரு வருடம், இரண்டு வருடம். பிறகு அம்மா என்று வந்துவிடுவான். கட்டினவருக்கு வந்தால் போகாது. அவனுக்கும் என்ன, வயது இருக்கிறது, வேறு வேலை இல்லையா? அப்பன் பொய்யன் என்று சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். என்ன, உடம்பிலா ஒட்டிக்கொள்ளப் போகிறது?

அம்மிணி, ஒரு உதவி. என் நம்பரைப் பார்த்தால் எடுக்கமாட்டேன் என்கிறான். உங்கள் போனிலிருந்து ஒரு தரம் போட்டுக் கொடுக்கிறீர்களா? நம்பர் எனக்கு மனப்பாடம். கம்பெனி கேட்டுக்கு வந்து போசியை வாங்கிக்கொள் என்று மட்டும் சொல்லிவிட்டுத் தந்துவிடுகிறேன்.

ரிங் போகிறது.

கண்ணு. நான்தான். வெச்சராத சாமி, வெச்சராத. கோழிக் குழம்பு கொண்டுட்டு வரேன். பல்லடம் தாண்டிட்டேன். இல்ல, அப்பா வரல. இது பஸ்ஸுல பக்கத்துல இருக்கற அம்மிணி போனு. யாருன்னு எனக்கும் தெரியாது, நல்லவிய. ஆமா. ஆமா, பேசீட்டுத்தான் வந்தேன். எல்லாந்தான். கூடையும் சொன்னேன். அப்புச்சியும் சொன்னேன். ஏன் கண்ணு, மனசு பொறுக்கல, சொன்னேன். அதுக்கில்ல கண்ணு. இல்ல, நீ அப்படியெல்லாம். கண்ணு?

வைத்துவிட்டான்.

என்ன சொன்னான் என்றா கேட்கிறீர்கள்? பேர் தெரியாதவர்களிடம் சொல்ல முடிகிறது இல்லையா, அதே மாதிரி இன்னும் ஒருத்தரிடம் சொல் என்கிறான். இரண்டு நிமிடம் இருக்கச் சொன்னான். அப்பாவையும் லைனில் சேர்த்துக்கொண்டு இதே நம்பருக்குக் கூப்பிடுகிறானாம். இந்த அம்மிணியிடம் சொன்னதை அப்படியே சொன்னால் போதுமாம். கோழிக் குழம்பைச் சாப்பிட வருகிறேன் என்றான். வீட்டுக்கே வருகிறேன் என்றான்.

இது என்ன ஊர்? அருள்புரமா? திருப்பூர் இன்னும் எவ்வளவு தூரம்?

அடிக்கிறது. எடுக்காதீர்கள், அம்மிணி. கொஞ்சம் பொறுங்கள், எடுக்காதீர்கள். கண்டக்டர், இங்கே ஒரு ஆள் இறங்கணும். இருக்கட்டும், டிக்கெட் திருப்பூர் வரைக்கும் எடுத்திருந்தால் என்ன, நான் இங்கேயே இறங்கிக்கொள்கிறேன். அந்தப் போசியை மட்டும் எடுத்துக் கொடுங்கள், பார்த்து, சிந்திவிடப் போகிறது. நான் இறங்கினபிறகு எடுங்கள். அம்மா முந்தின ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டாள், என்னிடம் எதுவும் பேசவே இல்லை என்று சொல்லிவிடுங்கள். உங்களைப் பார்த்தால் பொய் சொல்கிறவர் மாதிரித் தெரியவில்லைதான். ஒன்றே ஒன்றுதானே, அம்மிணி. அதனால் யாருக்கு என்ன கெட்டுவிடப் போகிறது?